நீலம் என்று சொன்னவள்

படகு இன்ஜின் நின்றுபோன வாரத்தில், படகோட்டியின் மனைவி கையில் எடுத்த பியூஸ் போன பல்புகளெல்லாம் எரிய ஆரம்பித்தன. முதலில் எரிந்தது குளியலறை பல்பு. குப்பையில் போடக் கழற்றினாள், வாசல் வரை அவள் கையில் எரிந்துகொண்டே போனது. மறுநாள் தெருவில் பதினான்கு பேர் பழைய பல்புகளோடு வந்து நின்றார்கள். பதிமூன்று எரிந்தன. பதினான்காவது ஏற்கெனவே பாதி உடைந்த பல்பு, அதைக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டுத் தையல்காரர், அவருக்கு எதிலும் கொஞ்சம் பேராசைதான். அவள் கையை எடுத்ததும் எல்லாம் அணைந்துவிட்டதால் யாருக்கும் பெரிய பிரயோஜனம் இல்லை என்று கலைந்து போனார்கள்.

அந்த ஆற்றில் ஓடிய ஒரே இன்ஜின் படகு அது. படகோட்டியைத் திருப்புளி என்றுதான் ஊரில் எல்லோரும் கூப்பிடுவார்கள். கடிகாரம் இரண்டு நிமிடம் தாமதித்தால் போதும், அரை மணியில் மேசை மேல் பல்சக்கரங்களாகக் கிடக்கும். ஞாயிறு காலையில் இன்ஜினைச் சோதிப்பது அவர் வழக்கம். சுற்றிக் கிளப்பும் ஹேண்டில் முன்பக்கம், பொறி தரும் பிளக் பின்பக்கம். ஹேண்டில் ஒருமுறை திருப்பி அடித்து ஒருவர் மணிக்கட்டை உடைத்ததிலிருந்து அதை வேறு யாரும் தொட அவர் விடுவதில்லை. அதனால் அவர் முன்னால் குனிந்து சுற்றுவார், மனைவி பிளக்கைக் கழற்றித் துணியால் பிடித்து இன்ஜின் இரும்போடு ஒட்டவைத்துத் தீப்பொறியைப் பார்ப்பாள். "கலர் என்ன?" என்று கேட்பார். நீலம் என்றால் நல்ல பொறி. ஆரஞ்சு என்றால் பலவீனம், உடனே மொத்த இன்ஜினையும் பிரித்துப் போடுவார். இருபத்திரண்டு வருடமாக அவர் கேட்டதும் அவள் சொன்னதும் இவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஆரஞ்சு என்று சொன்னாள். இன்ஜின் முப்பத்து நான்கு நாள் சாக்கு மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. அந்த நாட்களில்தான் ஆறு பெருகி, துடுப்புப் படகுகளும் பாலத்துச் சுற்றுப்பாதையும் நின்றுபோயிருந்தபோது, அக்கரையில் இருந்த மகளுக்கு முன்கூட்டியே வலி கண்டு, பிறந்த குழந்தை ஒரு நாள்கூட இருக்கவில்லை. அந்த முகத்தைப் படகோட்டியின் மனைவி பார்க்கவே இல்லை. அதற்காகப் புருஷனை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். இப்போது மகள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் அம்மா அக்கரை போய்விடுவதாக ஏற்பாடு. ஆறாம் மாதத்தில் ஒரு ஞாயிறு பொறி ஆரஞ்சாக விழுந்தது. அவள் நீலம் என்றாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்று மாதம் ஓட்டிவிட்டால் போதும் என்பது அவள் கணக்கு. எட்டாம் மாதக் கடைசியில் இன்ஜின் அடியோடு நின்றது, ஆறும் மறுபடி பெருகியது, பாலத்துக்குப் போகும் சுற்றுப்பாதையும் அறுந்துபோனது.

பொறி நன்றாக இருக்கிறதென்று நம்பியதால் திருப்புளி பெட்ரோல் வழியில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, டாங்கைக் கழுவினார், குழாயை ஊதினார், கார்புரேட்டரை நான்கு முறை பிரித்தார். வீட்டில் அவளால் உட்கார முடியவில்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவை படகுத்துறைக்குப் போய்வந்தாள். தாழ்ப்பாளைத் தொட்டால் பொறி பறந்ததால் மரக்கரண்டியால் கதவு திறந்தாள். போனைப் பிடித்தால் அது கீச்சிட்டது, அதனால் அவர்தான் உலர்ந்த துண்டில் சுற்றி அவள் காதோரம் பிடிப்பார். "எப்பம்மா வருவ?" என்று மகள் கேட்பது இருவருக்கும் கேட்கும்.

பன்னிரண்டாம் நாள் காலை மகளுக்கு வலி எடுத்துவிட்டதாக மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. அவள் நேராகப் படகுக்குள் இறங்கினாள். அவர் கார்புரேட்டர் மேல் குனிந்திருந்தார்.

"என்னங்க, அத மூடி வைங்க."

"இரு, இன்னும் ஒரு ஓட்டைதான் அடைப்பெடுக்கணும்."

"மூணு மாசமா ஆரஞ்சுதாங்க."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்ப ஏன் நீ..." என்று ஆரம்பித்தார். ஏன் என்று அவருக்குத் தெரியும். பிறகு அவர் செய்ததுதான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய காரியம்: இன்ஜினைப் பிரிக்கவில்லை. கார்புரேட்டரை மூடிவிட்டு, பொறி உண்டாக்கும் பாகங்களை மட்டும் தொட்டார்: பாயின்ட்டைத் தேய்த்தார், கன்டென்சரை மாற்றினார், புது காயில் போட்டார், வயரையும் மாற்றினார். சுற்றிப் பார்த்தபோது பொறி முடி கனத்தில்தான் விழுந்தது.

"ஆரஞ்சு" என்றாள், அழுதுகொண்டே.

அப்புறம் பிளக்கை இன்ஜினில் மாட்டி, அதன் தலையிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தன் ஆள்காட்டி விரலை வைத்தாள்.

"சுத்துங்க."

"ஷாக் அடிக்கும்டி."

"பன்னெண்டு நாளா அடிச்சுக்கிட்டுதான் இருக்கு. சுத்துங்க."

அவர் சுற்றினார். அன்று கலரை யாரும் கேட்கத் தேவைப்படவில்லை, முன்பக்கம் குனிந்திருந்தவர் முகத்திலும் நீலம் விழுந்தது. முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஒன்பது பேர் ஏறினார்கள். பத்தொன்பது நிமிடம் அவள் விரலை எடுக்கவில்லை, மூக்கு அரித்தபோது தையல்காரர் சொறிந்துவிட்டார். அக்கரையில் கயிறு கட்டுவதற்குள் குதித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், அந்தக் கணமே இன்ஜின் அணைந்தது. நர்ஸ் அவளுக்கு இரண்டு ஜோடி ரப்பர் கையுறை மாட்டி உள்ளே விட்டார். மாலை நாலு மணிக்குப் பேத்தி பிறந்து, கட்டிடமே கேட்கிற மாதிரி அழுதாள்.

திரும்பிப் போகக் காத்திருந்தவர்களிடம் திருப்புளி, "அவ வந்தாதான் ஓடும். அவ இப்ப வரமாட்டா" என்றார். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, வெள்ளம் வடியட்டும் என்று தெரிந்தவர் வீடுகளுக்குப் போனார்கள். படகு நாற்பத்தாறு நாள் அங்கேயே நின்றது. அடுத்த வருடம் படகைச் சோதிக்க வந்த அதிகாரி அவளை விரலை எடுக்கச் சொல்லி, வைக்கச் சொல்லி, படிவத்தில் 'பொறி: நீலம்' என்று எழுதிக்கொண்டு போனார். இப்போது இரண்டு துறையிலும் நேர அட்டவணைக்குக் கீழே பெயின்ட்டில் ஒரு வரி இருக்கிறது: 'படகோட்டியின் மனைவி மகள் வீட்டில் இருக்கும் நாட்களில் படகு அந்தக் கரையிலேயே நிற்கும்.'