தோளில் சேணம்

விடியுமுன்னே குதிரைகளுக்கு ஷாம்பூ போட்டுத் தேய்த்தோம். நியூ மெக்ஸிகோ மலைக்குளிரில் விரல்கள் மரத்துப்போயின. லாயத்துச் சாணத்தை வாரி, தரையைக் கழுவி, மேலே வாசனைத் தண்ணீரும் தெளித்தோம். விருந்தாளிகள் மூக்கைப் பிடிக்கக் கூடாதாம்.

"வெறும் சாணியே தேவலடா," என்று என் கூட்டாளி திபூர்சியோ ஓங்கரித்துத் துப்பினான்.

சொத்தை மாட்டை விற்கிறவன்கூட மாட்டின் பல்லைத் திறந்து காட்டுவான். எங்கள் முதலாளி வெல்டன் தன் பல்லை மட்டும்தான் காட்டுவார். பள்ளத்தாக்கின் பண்ணைகளை ஒவ்வொன்றாக வளைத்து, 'பாரம்பரியப் பண்ணை' என்று பலகை மாட்டி, மாடில்லாத மாட்டுக்காரர்களாக எங்களை நிறுத்திக் காசு பார்த்தார். அவருக்கு மசியாமல் மிஞ்சியது தெல்ஃபினா அக்காவின் சின்னப் பண்ணை மட்டும்தான்.

அன்று அங்கே கன்றுகளுக்குப் பண்ணையின் அடையாளச் சூடு போடும் நாள். அதற்குக் கூலி கிடையாது, அழைப்பும் கிடையாது. அடுப்புப் புகையைக் கண்டால் அக்கம்பக்கம் போய் நிற்க வேண்டும். அக்காவின் புருஷனோ குதிரையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தார். மறுநாள் மந்தை மலையேற வேண்டும். மலைப் புல் அரசாங்கத்துடையது; சூடில்லாத கன்றை மேய்ச்சலுக்கு விடமாட்டார்கள். ஏறாவிட்டால் மேய்ச்சல் உரிமை அடுத்து மனுப் போட்டவருக்கு. புல் போனால் பண்ணையும் போச்சு. அடுத்து மனுப் போட்டவர் வெல்டன். அன்றைக்கே பார்த்து விருந்தாளிகளுக்குக் காட்சி வைத்தவரும் அவரே.

ஆற்றுக்கு அப்பால் புகை எழுந்தது.

"முதலாளி, அக்கா வீட்டுல சூடு. எங்களை விடுங்க," என்றான் திபூர்சியோ, காட்சிக்காக ஏறியிருந்த குதிரைமேல் இருந்தபடியே.

"இங்கயும்தான் சூடு போடுறோம்! ரப்பர் கன்னு வந்திருக்கு. கத்தாது, கழியாது."

"புல்லும் கேக்காது. அதான் உங்களுக்குப் புடிச்சிருக்கு."

"பாரம்பரியத்தைக் காப்பாத்த நான் எவ்வளவு கொட்டுறேன் தெரியுமா?"

"கொன்னுட்டுப் பஞ்சு அடைக்கிறதுக்குப் பேரு காப்பாத்துறதா?"

பல் மறைந்தது. "போறவன் போ. நாளைக்கு வேலை கிடையாது. குதிரை என்னுது, இறங்கிட்டு நடந்து போ."

மாட்டுக்காரன் தெருவைத் தாண்டக்கூடக் குதிரை தேடுவான். நடந்து போவதைப் போல அவமானம் வேறில்லை. அதை நம்பித்தான் முதலாளி பந்தயம் கட்டினார்.

திபூர்சியோ இறங்கினான். சேணத்தின் வாரை அவிழ்த்தான். குதிரை முதலாளியுடையது, சேணம் அவனவனுடையது. தொழில் வழக்கம் அது. சேணத்தைத் தோளில் போட்டு நடந்தான். நாங்களும் இறங்கினோம். சமையற்கட்டிலிருந்து எர்மெலிந்தா கையைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். இதுவும் காட்சியென்று நினைத்து விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

சவாரிக்கென்று தைத்த பூட்ஸ் குதிகாலைக் கிழித்தது. தொழுவத்தை அடைந்தபோது அக்கா ஒற்றை ஆளாய்ச் சூட்டுக்கோலைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"நடந்தா வந்தீங்க? வெக்கமாயில்ல?"

"அங்க குதிரைமேல உக்காந்திருந்ததுதான்கா வெக்கமா இருந்துச்சு," என்றான் திபூர்சியோ.

நான் கன்றைச் சாய்த்துப் பிடித்தேன். அது என் மடியிலேயே கழிந்தது. கருகும் மயிரின் புகையை முகம் சுளிக்காமல் இழுத்தான் திபூர்சியோ.

கடைசிக் கன்று தாயிடம் ஓடியதும் அக்கா மெல்லக் கேட்டாள்: "நாளைக்கு மலைக்கு யாருப்பா ஓட்டுறது? உங்களுக்கும் பொழப்பு போச்சே."

திபூர்சியோ எழுந்து அக்காவின் குதிரைகளுக்குப் புல் போடப் போனான். வேலியில் வரிசையாக மாட்டியிருந்த எங்கள் சேணங்களை வீடு திரும்ப யாரும் எடுக்கவில்லை.