சின்னப்பொண்ணு விற்கப் போன தங்கக் காசுகள்

கண்ணை மூடுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு சுப்புராயன் ஒரு துணி முடிச்சை எடுத்துச் சின்னப்பொண்ணுவின் மடியில் வைத்தார். உள்ளே வெள்ளைக்கார ராஜா தலை போட்ட தங்கக் காசுகள், ஒரு வெள்ளி அரைஞாண், தடித்த இரண்டு வெள்ளிக் காப்புகள்.

"எங்கம்மா எனக்குனு குடுத்தது. வித்துட்டு, நீ பாடுபடற நெலத்த வாங்கிக்கோ. யாரு கேட்டாலும் குடுத்துடாத."

அவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

சுப்புராயனுக்குச் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. அங்கே நிலம், வீடு, மனைவி ஆண்டாள், மகன் தெய்வசிகாமணி எல்லாம் உண்டு. புளியும் கடுக்காயும் வாங்கக் கல்வராயன் மலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர், கரியாலூரில் சின்னப்பொண்ணுவின் வீட்டில் தங்க ஆரம்பித்து, பிறகு இறங்கிப் போவதையே குறைத்துக்கொண்டார். அவர்களுக்கு ஒரு மகள், கொளஞ்சி; அவளை உள்ளூரிலேயே பச்சமுத்துவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆண்டாள் போய்ச் சேர்ந்த பிறகும் தெய்வசிகாமணி மலைப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அப்பா செத்ததும்தான் வேன் எடுத்துக்கொண்டு வந்தான். பொணத்தைத் தூக்கி வைத்தான். கூடவே ஏறப் போன சின்னப்பொண்ணுவைப் பார்த்து, "நீ எங்க வர்ற?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். சாம்பலைக்கூட அவள் பார்க்கவில்லை.

துக்கம் கொஞ்சம் ஆறியதும் நிலத்துக்காரர் ஆள் அனுப்பினார். அவள் வருசா வருசம் சாமை விதைத்து வந்த காட்டை வேறு யாருக்கோ விற்கப் போகிறாராம், வேண்டுமானால் சீக்கிரம் சொல்லச் சொன்னார். முடிச்சை அவிழ்க்கும் வேளை வந்துவிட்டது. எப்படி விற்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. தங்கத்துக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலம் அது. காசு வைத்திருந்தாலே கேசு என்று சனங்கள் பயந்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் அவளுக்குத் தெரிந்த ஒரே பெரிய மனுசர் புளிமண்டி கவுஸ் பாஷா. சுப்புராயனோடு வெகுநாள் பழக்கம். புளி மூட்டையோடு போனவள், ஆள் இல்லாத நேரம் பார்த்து விசயத்தைச் சொன்னாள். பொருளைக் கொண்டுபோகவில்லை.

"உருக்கறவன்கிட்ட மட்டும் போயிடாதம்மா" என்றார் கவுஸ் பாஷா. "சேதாரம்னு சொல்லிப் பாதிய முழுங்கிடுவான். காசாவே விக்கணும். அதுவும் ஒண்ணொண்ணா. பாண்டிச்சேரில எங்க மச்சான் ஒருத்தரு இருக்காரு, ரம்ஜான் கழியட்டும், கூட்டினு வர்றேன். வெள்ளிய இப்ப தொடாத."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. நிலத்துக்காரரிடம் தவணை கேட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

ரம்ஜான் கழிவதற்கு முன்பே தெய்வசிகாமணி பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் புடவை, பூ, மிக்சர் பொட்டலம். வாசலில் நின்று, "சின்னம்மா" என்று கூப்பிட்டான்.

முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருசத்தில் அந்த வீட்டு ஆள் யாரும் அவளை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டி வந்தால் "மலைக்காரி" என்பார்கள்.

அவன் உள்ளே வந்து உட்கார்ந்து, அவள் போட்ட சாமைச் சோற்றை மறுசோறு வாங்கித் தின்றான். வேன் கதவைச் சாத்தியதற்காக வருத்தப்பட்டான். "அன்னிக்கு புத்தி கெட்டுப் போச்சி சின்னம்மா. மனசுல வச்சிக்காத." கொளஞ்சியைத் 'தங்கச்சி' என்றான். கை கழுவிய பிறகுதான் பேச்சை எடுத்தான்.

"அப்பாவப் பெத்த ஆயாவோட காசு ஒங்கிட்ட இருக்குனு தெரியும். நான் கேட்டு வரல. அது ஒனக்குத்தான். ஆனா நீ எப்பிடி விப்ப?"

அவள் மண்டிக்காரர் சொன்னதைச் சொன்னாள்.

"பாண்டிச்சேரிக்காரன் வருவான், அள்ளிக்கினு போயிடுவான். நீ எங்க போய்த் தேடுவ? கடைக்கு நேரா போனியோ, மலைக்காரி கையில தங்கம் ஏதுனு போலீசுக்குச் சொல்லிடுவான். நான் பக்கத்துல நின்னா எவன் இன்னா கேப்பான்? வூட்டுப் பொருளு, வூட்டு ஆளுங்க விக்கறாங்க. எல்லாத்தையும் ஒரே தபாவா முடிச்சிக் கையில குடுத்துடறேன்."

அவன் பஸ் ஏறியதும் கொளஞ்சி பிடித்துக்கொண்டாள். "ஒன்ன வண்டில ஏத்தாத ஆளும்மா அவன்."

"ஒனக்கு அண்ணன்டி. வாய அடக்கு" என்றாள் சின்னப்பொண்ணு. கவுஸ் பாஷா சொன்னதில் இருந்த நியாயம் அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவர் அவளை அம்மா என்றது எல்லோரையும் சொல்வதுபோல. இவன் சொன்னது அப்படியில்லை என்று அவளுக்குப் பட்டது.

சொன்ன நாளில் புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு, முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள். கச்சிராயபாளையம் தாண்டும்வரை முடிச்சின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. கள்ளக்குறிச்சி ஸ்டாண்டில் தெய்வசிகாமணி காத்திருந்தான். நகைக்கடையில் அவளை ஸ்டூலில் உட்கார வைத்துக் கலர் வாங்கிக் கொடுத்தான். முடிச்சைத் தானே வாங்கி மேசையில் அவிழ்த்தான். கடைக்காரர் ஒரு காசை உரைகல்லில் உரசிப் பார்த்துத் தலையாட்டினார்.

"யாருதுப்பா இது?"

"எங்க ஆயாவுது. இவங்க எங்கப்பாவுக்கு மலையில சமையல் செஞ்சினு இருந்தவங்க. அவருக்கு நெனவு தப்பினப்ப எடுத்து வச்சிக்கினாங்க. இப்ப மனசு கேக்காம திருப்பிக் குடுக்க வந்துருக்காங்க."

கலர் பாட்டில் அவள் கையிலேயே இருந்தது. "தம்பி, இன்னா சொல்ற நீ?"

அவன் குனிந்து, அவள் காதருகே மெதுவாகச் சொன்னான். "சத்தம் போடாத சின்னம்மா. கேசு இல்லாம முடிச்சிக்கினு இருக்கேன்."

"அவரு எனக்குக் குடுத்தாரு!" என்று கத்தினாள். கடையில் இருந்த பெண்கள் திரும்பினார்கள்.

"எவரும்மா?" என்றார் கடைக்காரர்.

"எம் புருசன்."

"தாலி கட்டினாரா?"

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே எந்தக் காலத்திலும் கருகமணியைத் தவிர எதுவும் இருந்ததில்லை. யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைக்காரர், "போம்மா, திருப்பிக் குடுத்ததே பெரிய புண்ணியம்" என்றார். தெய்வசிகாமணி அவளை வாசல்வரை கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, ஒரு புரோட்டா பொட்டலத்தைக் கையில் வைத்தான். "பஸ்ஸுல சாப்புடு" என்றான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை.

புளிமண்டிக்கு ஓடினாள். கவுஸ் பாஷா தலையில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"நீங்க வந்து சொல்லுங்க பாய். அவரு குடுத்தாருனு அன்னிக்கே ஒங்ககிட்ட சொன்னேனே."

"சொன்னதுதாம்மா. ஆனா நான் கண்ணால பாக்கலியே." அவளைப் பார்க்காமல் சொன்னார்: "எலவனாசூர்கோட்டை மல்லாட்டைக் கடலதான் எங்க மண்டிக்கு வருது. அவங்களப் பகைச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

ஊரில் ஒருவரும் அவளை நம்பவில்லை. நிலம் கை மாறியது. அவள் விதைத்த காட்டில் வேறு ஆள் ஏர் ஓட்டினான். காசைப் பறிகொடுத்தவள் இப்படியா பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பாள் என்றார்கள். சுப்புராயன் பையனோடு சேர்ந்துகொண்டு ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்திருப்பாள், பங்கை எங்கேயோ புதைத்திருப்பாள் என்றார்கள். அந்தப் பேச்சைச் சந்தையில் கேட்டுக்கொண்டு வந்த மருமகன் பச்சமுத்து, மறுநாள் காலையில் கடப்பாரையோடு வந்து அவள் வீட்டுத் தரையைத் தோண்ட ஆரம்பித்தான்.

"பொண்ணுக்குக் குடுக்காம யாருக்கு வச்சிருக்கிற?"

அவள் சத்தியம் செய்தாள். அழுதாள். கொளஞ்சி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், புருசனைத் தடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் நாலு மூலையும் குழியாகிவிட்டது. தானியக் குதிரைச் சாய்த்தான். சாமை முழுக்கக் குழிகளில் கொட்டிப் போனது.

பச்சமுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவளையே முறைத்தான். சின்னப்பொண்ணு, எதையும் புதைத்திராத அந்த வீட்டில் இடியாமல் மிச்சம் இருந்த அடுப்பைக் கையால் காட்டினாள்.

"அடுப்புக்குக் கீழ பாக்கலியே நீ" என்றாள்.

அவன் போய் அடுப்பின் மேல் கடப்பாரையை ஓங்கி இறக்கினான். கொளஞ்சி வாசலில் கிடந்த கூடையை எடுத்துக்கொண்டு, மண் அள்ள உள்ளே ஓடி வந்தாள்.