கைப்பிடி இல்லாத பால்கனி

காற்றோட்டத்தை நிரூபிக்கப் போய்த்தான் வீட்டுத் தரகர் மாட்டிக்கொண்டார். நாலாவது மாடி வீட்டின் பின்பக்க ஜன்னலை விரியத் திறந்துவைத்துவிட்டு, "இப்ப பாரு, எப்படி வீசுதுன்னு" என்று மனைவியைப் முன்பக்கப் பால்கனிக்கு அழைத்து வந்தார். காற்று அவர் மானத்தைக் காப்பாற்றியது. வீடு முழுக்க ஓடிவந்து, பால்கனிக் கதவை அவர்கள் முதுகுக்குப் பின்னால் படாரென்று அறைந்து சாத்தியது.

வெளிப்பக்கம் கைப்பிடி இருந்தால் திறந்திருக்கலாம். துருப்பிடித்த கைப்பிடி மனைவி கண்ணில் பட்டால் வீட்டின் மேலேயே அபிப்பிராயம் கெட்டுவிடும் என்று நேற்றுதான் அதைக் கழற்றி எடுத்திருந்தார். அது இப்போது அவர் பையில் இருந்தது. பை, சமையலறை மேடையில். ஊரில் பாதி வீடுகளின் சாவியும் அதே பையில்தான். 'சாவிக்கொத்து' என்று அவருக்குப் பட்டப்பெயரே உண்டு.

"போன்?" என்றாள் மனைவி.

"பையில. உன்னோடது?"

"உங்க பைக்குப் பக்கத்துல."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். முழுசாக அடக்கவில்லை என்பதை அவர் கவனிக்காதது போல் இருந்தார்.

கீழே வாட்ச்மேன் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தரகர் கத்தினார். வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தார்.

"சாவி எங்க சார்?"

"உள்ள! வாசக் கதவும் தானா பூட்டிக்கிற ரகம்!"

"நீங்க?"

"பார்த்தா தெரியலையா? வெளிய!"

"சாவிக்கொத்து சாரே வெளிய மாட்டிக்கிட்டாரா!" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி ஆச்சரியப்பட்டார். "இன்னொரு சாவி ஓனர்கிட்ட இருக்கு. போய் வாங்கிட்டு வரேன். எங்கேயும் போயிடாதீங்க!"

எங்கே போவது? இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். தரகருக்கு ஒருவகையில் நல்லதாகவே பட்டது. வாடகைக்கு விடுவதற்காக இந்த வீட்டைத் தாங்களே வாங்க, நாளைக்கு முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. அவர் கமிஷனில் மிச்சம் பிடித்தது, அவள் பல் டாக்டர் கிளினிக்கில் வேலை பார்த்துச் சேர்த்தது, எல்லாம் சேர்ந்து இதில்தான் இறங்கப்போகிறது. அவள் சம்மதத்தை எத்தனையோ முறை கேட்டாயிற்று. "உங்க இஷ்டம்" என்பாள். சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போய்விடுவாள். போன மாதம் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வந்து, "விக்கப்போறேன், நீங்களே எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டபோதும் அப்படித்தான். தரகர் அந்த மனுஷனுக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தினார்: பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது, கீழே சலவைக்கடை, விலை ஏறாது. வந்தவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மனைவி தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இங்கே போவதற்குச் சமையலறை இல்லை.

"இங்க பாரும்மா. நாம இருக்கிறதுக்கு வாங்குற வீடு வேற, வாடகைக்கு விட வாங்குற வீடு வேற. கட்டடம் பழசாகும், இடம் பழசாகாது. அதனால இடத்தைப் பார்க்கணும், வாடகை வருமான்னு பார்க்கணும். வீட்டு மேல மட்டும் ஆசை வெச்சிடக் கூடாது. ஆசை வெச்சவன் பேரம் பேச மாட்டான்."

"எதிர்க் கட்டடம் நீங்க வித்ததுதானே?"

"முக்கால்வாசி நான்தான்!" தரகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணுகூட பாக்கி இல்லாம வித்துப்போச்சு."

"அப்புறம் ஏங்க விளக்கே எரியல?"

அவர் பார்த்தார். தெருவிளக்கு வந்துவிட்டிருந்தது. எதிரே அத்தனை ஜன்னல்களில் ஒன்றிரண்டில்தான் வெளிச்சம். மற்றதெல்லாம் இருட்டு. பல பால்கனிகளில் வெயிலில் வெளுத்துப்போன 'வாடகைக்கு' பலகைகள். அவற்றில் இருந்த போன் நம்பர் அவருடையதுதான்.

வீடு காட்ட அவர் எப்போதும் காலையில்தான் ஆட்களைக் கூட்டி வருவார். வெளிச்சத்தில் சுவர் பளிச்சென்று இருக்கும். அந்த நேரத்தில் எந்த வீட்டில்தான் விளக்கு எரியும்? இருட்டின பிறகு இந்தத் தெருவை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"எல்லாரும் முதலீட்டுக்கு வாங்கிட்டாங்க" என்றார் மெதுவாக.

"குடியிருக்க யாரும் வாங்கலையா?"

மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். காற்று இப்போது நன்றாகவே வீசியது. அதைச் சுட்டிக்காட்ட அவருக்கு வாய் வரவில்லை. சற்று நகர்ந்து உட்கார்ந்து காற்றுக்கு மறைப்பானார்.

"சரி, சொல்லு. 'உங்க இஷ்டம்'னு மட்டும் சொல்லாதே. இத வாங்கலாமா, வேணாமா?"

"வேணாம்."

இவ்வளவு சின்ன பதிலுக்கு அவர் தயாராக இல்லை. "அப்ப எத வாங்குறது?"

"நாம இருக்கிற வீட்டை."

"அடியே, அதுக்கு லிஃப்ட்..."

"இல்லைன்னு தெரியும். ஆனா கீழ இஸ்திரி போடுற சூட்டுல மழைக்காலத்துல கூடத்துத் தரை வெதுவெதுன்னு இருக்கும். நீங்க அங்கதானே வயித்தைக் காட்டிக்கிட்டு மல்லாந்து படுப்பீங்க?"

"அது... முதுகுவலிக்கு."

"குடித்தனக்காரங்க காலி பண்ணாத வீடுதான் நல்ல முதலீடுன்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் நீங்கதானே சொல்றீங்க?"

"ஆமா, அதுக்கென்ன?"

"கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நான் அந்த வீட்டைக் காலி பண்ணல. இனிமேலும் பண்ணமாட்டேன்."