நாலு பிளக்குக்கும் பொட்டு

எதிர்வீட்டு சகாதேவன் தன் பிக்கப் வண்டியின் பானெட்டைத் தூக்கி நிறுத்தியபோது காலை மணி ஆறரை. நான் வாசலில் கோலத்தின் கடைசிப் புள்ளியில் இருந்தேன். அந்தக் கடைசிப் புள்ளியில் கால்மணி நேரமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குக் கோலம் சீக்கிரம் முடியாது.

எழுபத்தெட்டாம் வருஷம், ஆவணி மாதம். வண்டி ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் பிக்கப். முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், பின்னால் மல்லாக்கொட்டை மூட்டை இருபது ஏற்றலாம். சகாதேவன் ஆறு வருஷம் லாரியில் கிளீனராக இருந்து, பிறகு டிரைவராகி, இப்போது சொந்த வண்டிக்காரர். தெருமுனை டீக்கடையில் யாராவது 'ஓனர்' என்று சொன்னால், சொன்னது வேறு யாரையோ என்றாலும் இவர்தான் திரும்பிப் பார்ப்பார்.

அன்றைக்குக் கீழ்பென்னாத்தூரில் அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். அந்த உரிமை வேறு யாருக்கும் கிடையாது. தங்கை புருஷன் அர்ஜுனன், தன் கல்யாணப் பந்தியிலேயே "வண்டி தொடைக்கிறவன் வூட்ல பொண்ணு எடுத்துட்டேன்" என்று சிரித்தவன். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இருபத்தொரு தட்டுச் சீரோடு சொந்த வண்டியில் போய் அவன் வாசலில் இறங்கப்போவதாகச் சகாதேவன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் நாலு தடவை சொன்னார். நாலு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

முந்தின நாள் வண்டி இழுவை இல்லாமல் திக்கித் திக்கி வந்திருக்கிறது. என்ஜின் பிளக் போய்விட்டது என்று பார்ட்ஸ் கடையில் சொன்னதால் நாலு புது பிளக் வாங்கி வந்திருந்தார்.

"மெக்கானிக்கை கூப்புடலியா?" என்றேன், கோலமாவுக் கிண்ணத்தோடு அவர் வாசலுக்கே போய்.

"நாலு பிளக்கு கழட்டி மாட்றதுக்கு மெக்கானிக்கா யக்கா? கேட்டா சிரிப்பாங்க."

உள்ளே அவர் மனைவி ரேணுகாம்பாள் புது பிளக்குகளைச் சாமி படத்தின் முன்னால் ஒரு தட்டில் வைத்திருந்தாள். சைக்கிளானாலும் அரிவாள்மணையானாலும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டாமல் புதுச் சாமானில் கை வைக்கமாட்டோம். பக்கத்திலேயே குழைத்த சந்தனம். "கற்பூரம் எடுத்தாரேன், இருங்கக்கா" என்று அவள் சமையலறைக்குப் போனாள்.

நான் கையைச் சும்மா வைத்துக்கொண்டு நின்றிருக்கலாம். ஒரு பிளக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் வெள்ளைப் பீங்கான். மறுபக்கம் திருகு, அதன் நுனியில் மூக்கு மாதிரி வளைந்த ஒரு சின்னக் கம்பி. மூக்கு இருக்கும் பக்கம்தானே முகம்? அந்த மூக்குக்கும் அடியில் இருந்த குச்சிக்கும் நடுவே, உதிராமல் நிற்கும்படி சந்தனத்தை நன்றாக அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். நாலுக்கும் வைத்தேன். திரும்பி வந்த ரேணுகா, "அழகா வெச்சிட்டீங்கக்கா" என்றாள்.

சகாதேவன் பிளக்கைக் கையில் வாங்கினார். துண்டால் துடைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, நிறுத்திக்கொண்டார். "சாமிக்கு வெச்சதை தொடைக்கக் கூடாது. உள்ள போனா தானா எரிஞ்சிடும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு திருகி மாட்டினார்.

ஏழரை மணிக்குச் சீர்த்தட்டு எல்லாம் ஏற்றி, பட்டுக்கரை வேட்டியோடு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி முனகியது, அதோடு சரி. இறங்கி, முன்னால் இரும்புக் கம்பியைச் செருகி என்ஜினைக் கையால் சுற்றினார். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். எதையெதையோ சந்தேகப்பட்டவர் பிளக்கை மட்டும் சந்தேகப்படவில்லை. அதுதான் புதுசாயிற்றே.

எட்டரைக்குத் தெருவே கூடிவிட்டது. டீக்கடை அப்பாசாமி கடையை விட்டுவிட்டு வந்து நின்றார். "இன்னா ஓனரே, மாடு கட்டி இழுத்துக்கினு போயிடலாமா? மாடு என்னுது. வாடகை கம்மிதான்."

"பஸ்ல போயிடலாங்க" என்றாள் ரேணுகா மெதுவாக.

"சீர்த்தட்டை பஸ்ஸு மேல கட்டிக்கினு போயி அவன் வாசல்ல எறங்கணுமா? அதுக்கு நான் போவாமயே இருக்கலாம்."

ஒன்பதரைக்குத்தான் வேங்கிக்காலிலிருந்து மெக்கானிக் பரசுராமன் சைக்கிளில் வந்தான். ஒரு பிளக்கைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்தான். பிறகு மூக்குக்கு நேரே.

"இன்னாங்க இது, கோயில் வாசனை வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பாதி சிரித்தேன்.

"பொறி தாவற சந்துல சந்தனத்தை அப்பி வெச்சா வண்டி எப்பிடிங்க கெளம்பும்? யாரு வெச்சது?"

சகாதேவன் பெண்டாட்டியைப் பார்த்தார். பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். 'நான்தான்' என்று ஒரே ஒரு வார்த்தை போதும். எனக்கு வாய் நீளம் என்பது இந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. முந்தானை ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்ததை அப்போதுதான் கவனித்ததுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தாங்க" என்றாள் ரேணுகா. "தெரியாம வெச்சிட்டேன்."

"அறிவிருக்காடி உனக்கு? ஒரு நாளு... ஒரே ஒரு நாளு..." சகாதேவனுக்குத் துடைக்காமல் மாட்டியது தன் கைதான் என்பது ஞாபகம் வந்திருக்கவேண்டும். கிரீஸ் கையைப் பட்டுக்கரை வேட்டியிலேயே தேய்த்தார்.

பரசுராமன் நாலு பிளக்கையும் பெட்ரோலில் கழுவி, காயவைத்து மாட்டி, வண்டி கிளம்பியபோது மணி பத்தைத் தாண்டிப் பத்து நிமிஷம். போய்ச் சேர அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது, இருந்தும் புறப்பட்டுப் போனார்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். குழாயடியில், "இன்னாடி ஆச்சு எதிர் வூட்ல?" என்று கேட்டார்கள். "ரேணுகா பிளக்குக்குப் பொட்டு வெச்சிட்டா" என்றேன். பரசுராமன் மோந்து பார்த்ததைக்கூட நடித்துக் காட்டினேன். மதியத்துக்குள் அந்தக் கதை பக்கத்துத் தெருவெல்லாம் சுற்றி, ரேணுகா பிளக்குக்கு மல்லிகைச் சரம் சுற்றிய கதையாக என்னிடமே வந்தது. புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்தேன்.

சாயங்காலம் வண்டி வந்தது. சகாதேவன் யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். ரேணுகா மட்டும் தெருவைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தாள். கையில் காகிதப் பொட்டலம்.

"பந்தியில போளி போட்டாங்க. உங்களுக்குப் புடிக்குமேன்னு எடுத்தாந்தேன்."

"காது குத்தியாச்சா?"

"நாங்க போறப்போ பந்தியே ஆரம்பிச்சிட்டாங்க. முகூர்த்தம் போயிடும்னு, அர்ஜுனனோட அண்ணன் மடியில வெச்சி குத்திட்டாங்களாம். இவரு தட்டை எறக்கி வெச்சிட்டு, சாப்புடாம வண்டியில போயி உக்காந்துட்டாரு."

நான் வாயைத் திறந்தேன். சொல்ல வந்தது நிச்சயம் வேறு.

"புள்ள அழுதுச்சா?"

"அழுதுச்சாம். நாங்க எங்கக்கா பாத்தோம்?" படி இறங்கியவள் நின்றாள். "டீக்கடையாண்ட வண்டி திரும்பறப்பவே ஒருத்தர் கேட்டாரு, பிளக்குக்குப் பூவும் வெச்சியாம்மான்னு." என்னைப் பார்க்காமல் லேசாகச் சிரித்துவிட்டு எதிர்வீட்டுக்குள் போய்விட்டாள்.

பொட்டலத்தைச் சமையல் மேடையில் வைத்தேன். பிரிக்கவில்லை. போளியின் நெய் ஊறி ஊறி, செய்தித்தாளின் இந்தப் பக்கத்து எழுத்துகளுக்கு நடுவே அந்தப் பக்கத்து எழுத்துகளும் இடவலம் மாறித் தெரிய ஆரம்பித்தன.