மொய்க் கவரின் பூ முடிச்சு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்கு நேரடியாகத் தெரிந்தது ஒரு சிரிப்பு மட்டும்தான். போன நவம்பரில், கூட வேலை பார்க்கும் ஒருவரின் கல்யாணத்துக்கு மொய்க் கவர் வாங்கக் கனசாவாவின் கயிற்றுக் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன்; கவர்மேல் கட்டும் அலங்காரக் கயிறும், கட்டி முடித்த கவரும் விற்கும் கடை. நாற்பதைத் தொடப்போகும் இரண்டு பெண்கள் கவர் அடுக்கின் முன்னால் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் கடைக்குள் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. பதினேழு வருடமாக இங்கே குப்பை கொட்டுகிறேன், எனக்குத் தெரியும். காதில் விழுந்தது நாலைந்து வாக்கியம். மீதியை நான்தான் இட்டுக்கட்டினேன். அது பிடிக்காதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கனசாவாவின் கூரைகள் மீது மழை ஒரு பழைய துயரத்தைப் போல—"

வேண்டாம். இங்கே மழைக்குத் துயரமெல்லாம் கிடையாது. சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது இந்த ஊர்ச் சொல். மழை வந்தால் குடையை விரிப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் முயற்சி: "சிகுசா ஒரு கொலை செய்திருந்தாள்."

ஆளை இழுக்கும் வரிதான். ஆனால் அடுத்த பக்கத்தில், அவள் கொன்றது ஒரு கல்யாணத்தை என்று சொல்லவேண்டி வரும். அப்புறம் என் முகத்தில் நானே விழிக்க முடியாது.

மூன்றாவது: சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குச் சிகுசா ரயிலை விட்டு இறங்கினாள்.

இது போதும்.

3

அவள் ஊரான தொயாமாவிலிருந்து கனசாவாவுக்கு ரயிலில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத் தூரத்தைச் சிகுசா ஒன்பது வருடமாகக் கடக்கவில்லை. காரணம், பள்ளிக்கூடத் தோழி யுகாரி விவாகரத்துக்குப் பிறகு இங்கே குடிவந்து, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்.

நம் ஊரில் மொய்க் கவர் என்றால் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். இவர்கள் கவரைச் சுற்றிய கயிற்றின் முடிச்சைப் பார்ப்பார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கொடுக்கும் கவரில் பூ முடிச்சு. இழுத்தால் அவிழும், மறுபடி கட்டலாம். அதாவது இந்த நல்லது திரும்பத் திரும்ப நடக்கட்டும். கல்யாணத்துக்கு இறுக்கு முடிச்சு. அது அவிழாது, ஒரு தடவையோடு சரி.

பதினொரு வருடத்துக்கு முன்னால், யுகாரியின் கல்யாணத்தன்று காலையில், அவசரத்தில் கையில் அகப்பட்ட கவரை எடுத்துக்கொண்டு ஓடியவள் சிகுசா. அதில் இருந்தது பூ முடிச்சு. இரண்டு வருடம் கழித்து, அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது, அதே மாதிரிக் கவரைத் தேடிக் கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே, "இது பிள்ளை பிறந்ததுக்குங்க. கல்யாணத்துக்கு மட்டும் கொண்டுபோயிடாதீங்க" என்றாள். சிகுசா மிச்சச் சில்லறையைக்கூட வாங்காமல் வெளியே வந்தாள். அடுத்த மாதமே யுகாரி புருஷனைப் பிரிந்துவிட்டாள் என்று செய்தி வந்தது.

அன்றிலிருந்து புத்தாண்டு வாழ்த்து அட்டை மட்டும்தான். இப்போது திடீரென்று கைபேசியில்: "சனிக்கிழமை வாயேன். சுத்தலாம், சாப்பிடலாம். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அந்தக் கடைசி வரிதான் அவளை மூன்று இரவு தூங்கவிடவில்லை.

4

(இதைப் படித்துப் பார்த்த நண்பர் கேட்டார்: "பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிற, படித்த பெண். ஒரு கயிறு கல்யாணத்தை முறிக்கும் என்று நம்புவாளா?" எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. சிகுசாவை இன்னும் கொஞ்சம் அப்பாவியாக்கலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு அவரிடம் கேட்டேன்: "உங்கள் கையால் ஏற்றிய விளக்கு, தாலி கட்டும் நேரத்தில் அணைந்தால்?" அவர் பேச்சை மாற்றிவிட்டார். சிகுசா அப்படியே இருக்கட்டும்.)

5

சந்தை வாசலில் யுகாரி முதலில் பார்த்தது தோழியின் முகத்தை அல்ல, மூக்குக்கண்ணாடியை.

"இதை யாருடி உனக்கு மாட்டிவிட்டது? உங்க பல் டாக்டரா?"

"நல்லாத்தானே இருக்கு?"

"அதுக்குள்ள ரெண்டு மீன் விடலாம். வா, முதல்ல சாப்பிடு. ஆளு பாதியா இளைச்சுட்ட."

மீன்காரர் வழிமறித்தார். "அக்கா, பெண் நண்டு! வயிறு பூரா முட்டை! இன்னைக்கு விட்டீங்கன்னா போச்சு, நாளைக்கு மழை, படகு போகாது!"

"நேத்தும் இதையேதானே சொன்னீங்க?" என்றாள் யுகாரி.

"நேத்தும் மழைதானேக்கா!"

சோற்றின் மேல் மீன் துண்டுகளை மலையாக அடுக்கிய கிண்ணம் வந்தது. சிகுசா இறாலைக்கூடப் பாதியில் வைத்துவிட்டாள். இப்போது சொல்வாளோ, நண்டு வந்ததும் சொல்வாளோ என்று ஒவ்வொரு வாய்க்கும் தோழியின் முகத்தைப் பார்த்தாள். யுகாரியோ இஞ்சி ஊறுகாயைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

வெளியே வந்ததும், தின்னக்கூடிய மெல்லிய தங்கத் தாள் போர்த்திய ஐஸ்கிரீம்.

"அதெல்லாம் வெளியூர்க்காரங்க திங்கிறதுடி."

"நான் வெளியூர்தானே?"

"அப்ப தின்னு."

தங்கம் சிகுசாவின் மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. யுகாரி பார்த்தாள், ஆனால் சொல்லவில்லை.*

* நல்ல தோழிகள் இப்படித்தான்.

6

பிறகு பூங்கா. [குளத்தில் மேகங்கள் தங்கள் முகத்தை—] இல்லை, அடுத்தது.

பூங்காவில் பைன் மரங்களின் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். பனியின் பாரத்தில் கிளை முறியாமல் இருக்க. முடிச்சுக் கதையில் கயிறு கட்டும் மரங்களை வேண்டுமென்றே நட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லாதீர்கள். நவம்பரில் அங்கே அதுதான் வேலை. எனக்கே சங்கடமாக இருந்தது. இரண்டு பெண்களையும் வேகமாக நடத்திக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

7

பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். "வண்டி கிளம்புகிறது, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று ஓட்டுநர் ஒலிபெருக்கியில் சொன்னார். வெள்ளைக் கையுறை, சற்றே பெரிய காது.

யுகாரி காதோரம் குனிந்தாள். "எப்படி இருக்கான்?"

"யாரு?"

"முன்னாடி ஓட்டுறவன். ஒண்ணு சொல்லணும்னேனே, அது இவன்தான். ஜனவரியில கல்யாணம்."

"இவரா! ஒரு வணக்கமாவது—"

"போர்டைப் பாரு. ஓட்டும்போது பேசக்கூடாது. அவன் அதுல ரொம்பக் கறார். நான் ஏறினாக்கூட திரும்ப மாட்டான்."

முன்னால் தொங்கிய கண்ணாடியில் ஓட்டுநரின் காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

சந்தோஷம் என்று சொல்லத்தான் சிகுசா வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "நான் மொய் வைக்க மாட்டேன்."

"என்னது?"

"என் கை ராசியில்லாத கை, யுகாரி. போன தடவை பூ முடிச்சு வச்சது நான்தான். தெரியாம எடுத்துட்டு வந்தேன். உன் வாழ்க்கை போனதே என்னாலதான். ஒன்பது வருஷமா உன் மூஞ்சியில முழிக்க முடியல."

பேருந்தில் உரக்கப் பேசக்கூடாது. அதனால் அழுகையையும் கிசுகிசுப்பாகவே அழுதாள். உதட்டில் தங்கம் அப்படியே இருந்தது.

யுகாரி அடுத்த நிறுத்தத்துக்கு மணியை அழுத்தினாள்.

8

இந்த இடத்தில் நான் நான்கு நாள் எழுதாமல் இருந்தேன். யுகாரி கோபப்பட்டால் கதை பெரிதாகும். விமர்சகர்களுக்கும் பிடிக்கும். ஆனால் நான் கேட்டது சிரிப்பு. அதற்குத் துரோகம் செய்ய மனம் வரவில்லை.

இறங்கியதும் குடையை விரித்து, இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு யுகாரி சொன்னாள்: "எனக்கு அன்னைக்கே தெரியும்டி. என் பழைய மாமியார்தான் கவரையெல்லாம் பிரிச்சது. அப்புறம் சண்டை வரும்போதெல்லாம் உன் முடிச்சை இழுப்பா."

"ஐயோ."

"கேளு. நான் உன்னைக் கூப்பிடாததுக்குக் காரணம் அது இல்ல. அத்தனை பேர்கிட்ட பரிசு வாங்கிட்டு, ரெண்டே வருஷத்துல பிரிஞ்சு வந்தேன். உன் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு நான் ஒளிஞ்சிருந்தேன்."

"நீயா?"

"நானும்தான். ரெண்டு பைத்தியங்க. நடுவுல இருபது நிமிஷ ரயில்."

சிகுசாவின் தோள் இறங்கியது. ஒன்பது வருடமாகத் தூக்கி வைத்திருந்த தோள் அது. அவளுக்கு உடனே பசித்தது.

"இன்னொண்ணு சொல்லட்டுமா?" என்றாள் யுகாரி. "உன் முடிச்சாலதான் நான் தப்பிச்சேன். நீயும் இறுக்கிக் கட்டியிருந்தா இன்னும் அந்த வீட்டுலயே கிடந்திருப்பேன்."

அங்கேதான் கயிற்றுக் கடை இருந்தது. யுகாரி தோழியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "இந்தத் தடவை ஓடிவந்து அள்ள வேணாம். என் கண்ணு முன்னாடி எடு. எதை எடுத்தாலும் வாங்கிக்கிறேன்."

"எதையுமா?"

"எதையும். வரப்போற மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம், கண்ணு இன்னும் மோசம். கண்ணாடி போட்டுவிட்டதே நான்தான்."

அப்போதுதான் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் நான் கேட்டது.

9

முடிவு, அ: சிகுசா இறுக்கு முடிச்சை எடுக்கிறாள். முறையானது. யுகாரிக்கு இதுவாவது நிலைக்கட்டும் என்று அர்த்தம்.

முடிவு, ஆ: பூ முடிச்சை எடுக்கிறாள். ஒரு தடவை காப்பாற்றியது, தேவைப்பட்டால் மறுபடியும் காப்பாற்றட்டும். அழகான முடிவு. கொஞ்சம் வம்பானதும்கூட.

முடிவு, இ: இரண்டையும் வாங்கி— [இது ஏமாற்று வேலை. அடித்துவிட்டேன்.]

நடந்தது இவ்வளவுதான். கடைக்காரம்மா, "கல்யாணத்துக்குன்னா இதுங்க" என்று இறுக்கு முடிச்சை எடுத்து மேசையில் வைத்தார். சிகுசாவின் கை அதன் மேல் போய், தொடாமல் நின்றது. பக்கத்திலேயே பூ முடிச்சு. யுகாரி தோழியின் உதட்டிலிருந்த தங்கத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். அதற்குள் என் பேருந்து வந்துவிட்டது. நான் வாங்கியிருந்தது இறுக்கு முடிச்சு. எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை.

ஓட்டுநருக்கு வெள்ளைக் கையுறை. எல்லா ஓட்டுநருக்கும் வெள்ளைக் கையுறைதான், ஆனால் இவருக்குக் காது சற்றே பெரிதாக இருந்தது. உங்கள் ஆள் அங்கே சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. போர்டைப் பார்த்தேன். பேசாமல் உட்கார்ந்துகொண்டேன்.

நீங்கள் இன்னும் கடைக்குள்தான் நிற்கிறீர்கள். சிகுசாவின் கை எந்தப் பக்கம் போகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். அவர்கள் சிரித்ததே எனக்குப் போதும்.