யாருடைய ஈரம்

…இல்லை, நானாக இருக்க முடியாது, ஒரு மனுஷியின் வியர்வைக்கு ஓர் அறையின் ஈரப்பதமே ஏறிவிடுமா என்ன, தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, இரட்டைக் கையுறை, இத்தனையும் தாண்டியா அது மீட்டரைப் போய்த் தொடும், ஆனால் உள்ளே நான் ஊறிக்கொண்டிருந்ததென்னவோ உண்மை, கழுத்தில் ஆரம்பித்து முகமெல்லாம் குப்பென்று ஒரு சூடு, பிறகு முதுகில் தண்ணீர்… என்ன எழவு இது என்று புரியாமல் போன வாரம் அக்காவுக்குப் போன் செய்தால் சிரிக்கிறாள், “உனக்கும் நாப்பத்தெட்டு ஆச்சில்ல, தீட்டு நிக்கிற வயசுல எல்லாருக்கும் வர்றதுதான், ஃபேனைப் போட்டுட்டு உக்காரு.” ஃபேனா, எங்கள் அறையிலா, மருந்துத் தூளைக் குப்பிகளில் நிரப்புகிற அறையில் உலர்ந்த காற்றைத் தவிர வேறெதற்கும் இடமில்லை, ஈரம் இருபது சதவீதத்தைத் தாண்டினால் தூள் கட்டிதட்டும், குப்பிக்குக் குப்பி அளவு மாறும், ஊசியாக உடம்புக்குள் போகிற மருந்து. ஆள் கூடினால் மூச்சும் கூடும் என்று உள்ளே மூன்று பேர்தான். இன்றைக்குப் பார்த்து வெளியே விடாத மழை, மீட்டரில் இருபத்திரண்டு, மெஷினை நிறுத்தினால் மேலே பதில் சொல்ல வேண்டுமே என்று சூப்பர்வைசர் தம்பி எங்களை மாறி மாறிப் பார்த்தான், பார்வை என்னிடம் வந்து நின்றது. “அக்கா, தப்பா நினைக்காதீங்க, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க, இறங்குதான்னு பாப்போம்.”

நிற்கிறேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி… இறங்கினால் நான்தான் காரணம், நாளையிலிருந்து அட்டைப்பெட்டி ஒட்டுகிற பிரிவு, அம்மா இருக்கிற ரூமுக்குள் கொசுகூட நுழைய முடியாது என்று தோழிகளிடம் பெருமையடிக்கும் மகளிடம் என்ன சொல்வது, உடம்பு சரியில்லை என்றா, உடம்பு சரியாகத்தானே இருக்கிறது, இல்லையா? இறங்காவிட்டால் காற்றை உலர்த்தும் மெஷினில்தான் கோளாறு, நான் தப்பித்தேன்… இருபத்திரண்டு… இருபத்துமூன்று. அப்பாடா என்று முகமூடிக்குள் வாய்விட்டே சொன்னேன், நான் இல்லை, நான் இல்லவே இல்லை, அல்லது நான் விட்டுவந்த ஈரம்தான் இன்னும் அங்கே சுற்றிக்கொண்டிருக்கிறதோ, யாரைக் கேட்பது? உள்ளே கூட வேலை செய்கிறவள் தூள் தொட்டியை விரலால் தட்டினாள், சரியாக விழவில்லை போலிருக்கிறது, மறுபடி தட்டினாள், தம்பியின் கண் மீட்டரை விட்டு நகரவில்லை, குப்பிகள்பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருந்தன. கண்ணாடியைத் தட்டி நிறுத்தச் சொல்லலாம், யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்… இருபத்துநான்கு… கை எழவில்லை, இன்னும் ஒன்று ஏறட்டும், யாருக்கும் சந்தேகமே இல்லாமல் தெரியட்டும் என்று உள்ளுக்குள் யாரோ கெஞ்சுகிறார்கள், அந்த ஊசி யார் யார் உடம்பில் ஏறும் என்று தெரிந்த நானா இப்படிக் கெஞ்சுவது?