நடுவில் நின்ற சாராள்

காணும் பொங்கலன்று விடிந்தபோதே சாராளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆரம்பித்த கூப்பாடு அது. கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு, புது வருஷத்தில் வாலிபர் கூட்டத்துக்கு, திருப்போரூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு, பொங்கலுக்கு அதே ஊரில் தன் காலனித் தெருவுக்கு என்று மூச்சு விடாமல் கும்மி சொல்லிக் கொண்டிருந்தாள். குதிகால் வேறு வீங்கி, தரையில் ஊன்றினால் முள் ஏறுகிற மாதிரி இருந்தது.

புருஷன் சின்னராசு உப்பளத்தில் வேலை செய்கிறவன். பண்டிகைக்கு லீவு. சுவரில் சாய்ந்து பீடி பிடித்தபடி, அவள் நொண்டி நொண்டிப் புடவை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாத்துக்கும்மே இன்னிக்கும் போற? ஒடம்பு முடியலன்னு சொல்லி அனுப்ச்சுடு."

"யாராண்ட சொல்லி அனுப்பறது? ஒத்துக்கினாச்சு. போய்த்தான் ஆவணும்."

பேசினால் மிச்சமிருக்கிற குரலும் போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

சாராள் பால்வாடியில் ஆயா. நாலு வயசுப் பிள்ளைகளை வட்டமாக நிற்க வைப்பது என்பது நண்டைத் தட்டில் அடுக்குகிற வேலை. வலது, இடது என்று சொன்னால் அதுகளுக்குப் புரியாது. "சோத்துக் கைய நீட்டு" என்றால் புரியும். "முறுக்கு புழியற மாதிரி சுத்து", "கீழ வுழுந்த புளியங்கா எடு", "எடுத்தாச்சா, தட்டு" என்று ராகம் போட்டுச் சொல்லிச் சொல்லி அதுகளை ஆட வைத்தாள். பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த தாய்மார்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவர்களும் ஆடினார்கள். ஆடத் தெரியாத ஜனத்தை ஆட வைக்கச் சாராளைக் கூப்பிடு என்று பேச்சு பரவியது அப்படித்தான். தெரிந்தவர்கள் ஆடுகிற இடத்தில் அவளுக்கு வேலையே இல்லை. வெட்கப்படுகிறவர்கள், காலை மாற்றி வைக்கிறவர்கள், "அய்யே, எனக்கு வராது" என்று பின்னால் ஒதுங்குகிறவர்கள், அவர்கள்தான் அவளுடைய ஜனம்.

மகாபலிபுரம் பக்கத்து மீனவக் குப்பத்து இளைஞர் மன்றத்தில் கங்காதரன் என்று ஒரு பையன் செயலாளர். செங்கல்பட்டில் குமாஸ்தா உத்தியோகம். திருப்போரூர்க் கல்யாணத்தில் அவளைப் பார்த்துவிட்டு, "யக்கா, காணும் பொங்கலுக்கு எங்க கடற்கரைக்கு வாங்க. பஸ்ஸுல வர்ற குடும்பம், எங்க ஜனம், எல்லாரையும் ஒண்ணா ஆட வெச்சுடணும்" என்று கேட்டான். படித்த பையன், மரியாதையாகக் கேட்டான். சரி என்று சொல்லிவிட்டாள். குப்பத்தில் இதுவரை அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. எல்லோர் மடியிலும் புளிசாதத் தூக்கு, கரும்புத் துண்டு. இறங்கி மணலில் நடக்கும்போது குதிகாலுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், காஞ்சிபுரம் என்று எங்கெங்கிருந்தோ வந்த ஜனம் கரையெல்லாம் இறைந்து கிடந்தது. குப்பத்துப் பக்கம் கட்டுமரங்களை ஓரமாக இழுத்துப் போட்டு, மைக் செட் கட்டி, கங்காதரன் ஒரு பெரிய இடத்தைப் பெருக்கி வைத்திருந்தான்.

"யம்மா, இவுங்கதான் நான் சொன்ன சாராக்கா" என்று தன் தாயிடம் காட்டினான்.

அவன் அம்மா தனக்கோடி கூடையில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்கிறவள். தாட்டியான உடம்பு, வெற்றிலைச் சிவப்பு வாய். சாராளை மேலும் கீழும் பார்த்தாள்.

"திருப்போரூர்ல எந்தப் பக்கம்?"

"காலனி."

"ஓ" என்றாள் தனக்கோடி. அவ்வளவுதான். சாராளுக்கு இந்த "ஓ" புதிதில்லை. எத்தனையோ வாயில் கேட்டது. கோபம் வருகிற வயசெல்லாம் கடந்து, இப்போது அதைக் கேட்டால் அசதி ஒன்றுதான் வருகிறது.

மைக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மணலுக்கு நடுவில் போய் நின்றாள். கட்டிய தொண்டையோடு முதல் சத்தத்தைக் கொடுத்தாள்.

"ஆடத் தெரிஞ்சவங்க குந்திக்கோங்க. தெரியாதவங்க எயுந்து வாங்க!"

ஜனம் சிரித்தது. சிரித்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு புதுமணப்பெண் புருஷனைப் பிடித்து இழுத்தாள். காஞ்சிபுரத்து நெசவாளி ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு வந்தார். குப்பத்துப் பெண்கள் தனக்கோடி பின்னால் கூட்டமாக வந்தார்கள். வட்டம் கோணல்மாணலாக விழுந்தது.

"கடலப் பாரு, குனிஞ்சு தட்டு! தோப்பப் பாரு, நிமிந்து தட்டு! கைய கோத்துக்கோ, உள்ள வா, உள்ள வா, அலை வருது, பின்னால ஓடு!"

அலை வருகிறது என்றதும் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடின, பெரியவர்களும் ஓடினார்கள். நெசவாளி தடுமாறி உட்கார்ந்துவிட்டார், எழுந்து மறுபடியும் ஆடினார். சாராள் நின்ற இடத்திலேயே ஒவ்வொரு முகமாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, தப்புகிற காலைக் கண்ணாலேயே திருத்திக்கொண்டிருந்தாள்.

இந்த நடு இடம் அவளுக்குச் சின்ன வயசில் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு விழாவுக்குக் கும்மி பழக்கினார்கள். வட்டமாக நில்லுங்கள், கை கோத்துக்கொள்ளுங்கள் என்றதும், இவளுக்கு இரண்டு பக்கமும் நின்ற பெண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். டீச்சர் பார்த்தாள். சண்டை எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ, "சாராளு, ஒனக்குத்தான் நல்ல குரல் ஆச்சே, நீ நடுவுல நின்னு சொல்லு" என்றாள். அன்றைக்கு அது பெரிய கௌரவமாகத் தெரிந்தது. வளர்ந்த பிறகுதான் தெரிந்தது, நடுவில் நிற்கிறவள் கையை யாரும் பிடிக்க வேண்டியதில்லை என்று. அதற்குள் அந்த இடம் அவளுக்குப் பழகிப் போயிருந்தது, நன்றாகவும் வந்தது.

இரண்டாவது ஆட்டம் ஜோடிக் கும்மி. ஒரு கையை ஜோடியின் உள்ளங்கையிலும் மறு கையை அந்தப் பக்கத்து ஆளின் உள்ளங்கையிலும் தட்ட வேண்டும். வட்டத்தில் ஒரு ஆள் குறைந்தது. யாரோ ஒரு பட்டணத்து அம்மாள் ஜோடி இல்லாமல் விழித்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, ஒரு ஆளு கம்மியாக் கீது. நீங்களே சேந்துக்கோங்களேன். உள்ள நின்னே சொல்லுங்க!" என்று கங்காதரன் மைக்கில் கத்தினான். அவன் வெள்ளந்தியாகச் சொன்னான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் சாராள் போய் நின்றாள். ஒரு பக்கம் பட்டணத்து அம்மாள் சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு பக்கம் தனக்கோடி. சாராள் கையை நீட்டினாள். தனக்கோடி ஒரு கணம் பார்த்துவிட்டு, தன் முந்தானை நுனியை எடுத்து அவள் விரலில் கொடுத்தாள்.

சாராள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. "உள்ள வா, உள்ள வா, பின்னால போ." அடுத்தது தட்டுகிற கட்டம். அதை விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லலாம். இப்படி எத்தனையோ இடத்தில் விட்டிருக்கிறாள். ஆனால் யோசிக்கிற அளவுக்குக்கூட உடம்பில் ஒன்றும் இல்லை. பழக்கத்தில் வார்த்தை தானே வெளியே வந்தது.

"பக்கத்துக் கையில தட்டு!"

கரையெல்லாம் படபடவென்று சத்தம். தனக்கோடி தன் கையில் தானே தட்டிக்கொண்டாள். சாராளின் உள்ளங்கை காற்றில் நின்றது.

அவள் கையைக் கீழே போட்டாள். வட்டத்தைவிட்டு வெளியே நடந்தாள். யாரையும் பார்க்காமல் ஒரு கட்டுமரத்தடிக்குப் போய் மணலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அழுகை வரவில்லை. அப்படியே படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

பின்னால் ஆட்டம் குலைந்தது. பாதிப்பேர் உள்ளே வந்தார்கள், பாதிப்பேர் வெளியே போனார்கள், ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். கங்காதரன் ஓடி வந்தான்.

"இன்னா யக்கா, இன்னா ஆச்சு? ஒடம்பு முடியலியா?"

"ஆமா தம்பி, முடியல. ஒங்கம்மாவ சொல்லச் சொல்லு."

அவன் அம்மாவை நடுவில் நிறுத்தினான். மீன் கூவி விற்கிற குரல், ஊரையே எழுப்புகிற குரல் தனக்கோடிக்கு. ஆனால் "தட்டு, தட்டு, ஏய் தட்டுங்கடி" என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. எந்தப் பக்கம் திரும்பச் சொல்வது என்று தெரியாமல் தானே சுற்றினாள். ஒரு குழந்தை ஓவென்று அழ ஆரம்பித்தது. பஸ் ஜனம் மெல்லக் கலைந்து சுண்டல்காரன் பக்கம் போகத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் தனக்கோடி மூச்சு வாங்கியபடி கட்டுமரத்தடிக்கு வந்தாள். எதிரே நின்றாள்.

"கோவமா?"

"கோவப்பட எனுக்குத் தெம்பு இல்ல."

"என் கை மீனு கைம்மா. எந்த சோப்பு போட்டாலும் போவாது. பஸ்ஸுல எவளும் என் பக்கத்துல குந்தறது இல்ல. அதான் முந்தானையக் குடுத்தேன்."

சாராள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்குத்தானா?"

தனக்கோடி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். கடலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அதுக்கும்தான். நீ காலனின்றதுக்கும்தான். ரெண்டும் கீது. பொய் சொன்னா எனுக்கு நாக்குல நிக்காது."

சாராளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் இதை இப்படி வாய்விட்டுச் சொன்ன ஆளை அவள் பார்த்ததில்லை. அந்த டீச்சர்கூடக் குரல் நல்லாயிருக்கிறது என்றுதான் சொன்னாள். சிரிப்பு இருமலாக மாறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு சிரிக்கற?"

"ஒண்ணும் இல்ல. நல்லா சொன்ன."

"வந்து சொல்லும்மே. எனுக்கு வரல. புள்ள மானம் போவுது. பேஜாராக் கீது."

"நடுவுல நிக்க மாட்டேன். கால் தாங்கல. வட்டத்துல நின்னுதான் சொல்லுவேன். ரெண்டு பக்கமும் கையப் புடிச்சா கால் பாரம் பாதி கொறையும்." தனக்கோடியின் முந்தானையைக் காட்டினாள். "துணியப் புடிச்சுகினு ஆட முடியாது."

தனக்கோடி குப்பத்துப் பெண்கள் நிற்கிற பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு அலையோரம் இறங்கிப்போய், ஈர மணலை அள்ளி இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். சாராள் பிடித்து எழுந்தாள். சொரசொரப்பான கை, ஈரமும் மணலும் ஒட்டியிருந்தது. மீன் வாடை அப்படியேதான் இருந்தது.

இருவரும் சேர்ந்து வட்டத்துக்கு வந்ததும், குப்பத்துப் பெண் ஒருத்தி தன் இரண்டு மகள்களையும் இழுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். தனக்கோடி அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மற்றவர்கள் நின்றார்கள். சுண்டலோடு பஸ் ஜனமும் திரும்பி வந்தது.

"கடலப் பாரு, குனிஞ்சு தட்டு!"

குரல் பாதிதான் வந்தது. எட்டாதவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். நெசவாளியின் பேத்தி எல்லாவற்றையும் இரண்டாம் தரம் கத்தினாள். பக்கத்துக் கையில் தட்டச் சொன்னபோது தனக்கோடியின் கை தயங்கித் தயங்கி வந்தது. சில தடவை பட்டது, சில தடவை விரல் நுனியோடு வழுக்கிப் போனது. எந்தக் கையைத் தூக்குவது என்று தெரியாத குழப்பமா, மனசு வராத தயக்கமா என்று சாராள் ஆராயவில்லை. முதல்முறை ஆடுகிறவர்களுக்கு அப்படித்தான் வரும். அதற்குச் சொல்ல வேண்டியதை அவள் சொன்னாள்.

"அவசரப்படாத. தப்பினா தப்பட்டும். அடுத்த சுத்துல தட்டிக்கலாம்."

வெயில் சாய்கிற வரை ஆடினார்கள். போகும்போது கங்காதரன் பஸ் வரை வந்து, அடுத்த வருஷமும் வரணும் என்றான். தனக்கோடி வரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு கரையில் யாரோடோ சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வட்டத்தைவிட்டுப் போன பெண்ணோடு இருக்கும் என்று தோன்றியது. மீன் விஷயமாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சாராள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னராசு அடுப்பில் தண்ணீர் சுட வைத்து, உப்புப் போட்டுக் குண்டானில் கொண்டுவந்து அவள் காலை அதில் வைத்தான்.

"எப்டி இருந்துச்சு?"

"வட்டத்துல நின்னு ஆடினேன்" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"இந்தக் கால வெச்சுகினா?"

"ம்."

"அடுத்த வருஷம் கூப்ட்டா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"தெரில. இப்ப கேக்காத. தண்ணி ஆறுது பாரு, இன்னும் கொஞ்சம் ஊத்து."